திகதி போடாத செக்

செக் என்றால் வங்கியில் போடுகிற சாமான் என்று நினைக்கிற ஆள் கொடிகாமத்தில் ஒரு நாள்கூட வியாபாரம் செய்ய முடியாது. அங்கே செக் என்பது வாக்கு. கையெழுத்தை மட்டும் வைத்து, பேரும் திகதியும் போடாமல், மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். காசு தேவைப்பட்டால் முதலில் போன் எடுத்து, போடட்டோ என்று கேட்பார். ரெண்டு கிழமை பொறுங்கோ அண்ணை என்று பதில் வந்தால் செக் திரும்பவும் அலுமாரிக்குள் போய்விடும். கேட்காமல் போடுகிறவனோடு அதற்குப் பிறகு ஒருவரும் கொடுக்கல் வாங்கல் வைக்கமாட்டார்கள். படித்த பிள்ளைகள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடிக்கட்டும். அந்தச் சந்தை ஷெல்லடிக்குள்ளும் இப்படித்தான் நடந்தது, இப்போதும் இப்படித்தான் நடக்கிறது.

அருளம்பலம் தன் கூட்டாளி கனகசபாபதிக்குக் கொடுத்த இரண்டு செக்கும் இந்த வகைதான். ஆனால் அவை வங்கிக்குப் போய்விட்டன. ஒருவரும் அவரைக் கேட்காமல் போய், கணக்கில் காசில்லாமல் திரும்பிவிட்டன. அதனால்தான் தேங்காய் வியாபாரி அருளம்பலம் இந்த வயதில், துவைத்த வேட்டியும் வெள்ளைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு, சாவகச்சேரி நீதிமன்ற வாங்கில் எதிராளியாகக் குந்தியிருந்தார். வழக்காளி யாரென்று கேட்டால் நெஞ்சு பொறுக்காது. மீனாம்பிகை. செத்துப்போன கனகசபாபதியின் மனைவி. அந்த மனுஷி கைக்குழந்தையோடு கொடிகாமத்துக்கு வந்த நாளிலிருந்து அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டவள்.

எட்டு லட்சம் ரூபா. வழக்குத் தோற்றால் மகள் தர்சினிக்கென்று வைத்திருக்கிற தென்னங்காணி போய்விடும். மனைவி உதயகலா அதை நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் இருந்தாள். அருளம்பலத்துக்கும் காணியில் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அவரைத் தின்றது வேறு. அந்தக் காசை அவர் கொடுத்துவிட்டார். தன் கையால், சதம் குறையாமல் கொடுத்துவிட்டார். அது மீனாம்பிகைக்குத் தெரியும், தெரிந்துகொண்டே தெரியாதென்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். காணி போனாலும் போகட்டும், அவள் ஒருதரம் தன் வாயால், நீங்கள் தந்துவிட்டீர்கள் என்று சொன்னால் போதும். ஒரு வருஷமாக மனுஷன் கோயிலில் கேட்டது அதை ஒன்றைத்தான்.

இந்தச் சிநேகிதம் எப்படி வந்ததென்றும் சொல்லவேண்டும். கனகசபாபதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்காரர். தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர். சைக்கிள் கரியரில் ஒரு சூட்கேசும் ஒரு தலையணையும். பக்கத்தில் மீனாம்பிகை, அவள் தோளில் கைக்குழந்தை றஜிந்தன். அருளம்பலம் வீட்டுப் படலையில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் கொடுத்தார், சோறு கொடுத்தார், பிறகு ஓர் அறையைக் கொடுத்தார். முன்பின் தெரியாத சனம் ஆறு மாதம் அங்கேயே இருந்தது. போகும்போது உறவாகிவிட்டது.

அந்தத் தலையணையில்தான் ஒரு பகிடி. கனகசபாபதி அதை ஒருவருக்கும் தரமாட்டார். பகலில்கூட மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் அருளம்பலம் விளையாட்டுக்குப் பறிக்கப்போக, மனுஷனுக்கு முகம் வெளிறிப் போயிற்று. பிறகு கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், ஓரத் தையலைப் பிரித்துக் காட்டினார். இலவம் பஞ்சுக்குள் திருநெல்வேலிக் கடையின் காசு முழுக்கக் கிடந்தது. பெண்டுகளுக்குத் தெரிந்தால் தலையணையைப் பார்த்துப் பார்த்தே காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று மீனாம்பிகைக்கும் சொல்லவில்லையாம். சொல்லாமல் விட்டதுதான் வினையாய்ப் போயிற்று. அந்த ஆறு மாதத்தில் பிள்ளைக்குப் பால்மா வாங்க வழியில்லையென்று அவள் தன் காப்பைக் கழற்றி விற்றுவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் காசுக்கு மேல் தலைவைத்துப் படுத்திருந்த மனுஷன் இனி எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? பிறகு அந்தக் காசில் கொடிகாமத்தில் உரக்கடை போட்டபோது, கடைக்கு முதல் எங்காலே வந்தது என்று அவள் கேட்டாள். அருளம்தான் தந்தவன் என்று வாய் கூசாமல் சொன்னார். அருளம்பலமும் ஓமோம் என்று தலையாட்டினார். கஞ்சத்தனமும் பயமும் கலந்த மனுஷன், ஆனால் நல்லவர். அருளம்பலத்துக்கு அவர் மாதிரி ஒருவர் பிறகு கிடைக்கவில்லை.

டீசல் தட்டுப்பாட்டுக் காலத்தில் அருளம்பலத்தின் வியாபாரம் படுத்தது. கொழும்புக்குத் தேங்காய் ஏற்ற லொறி இல்லை, ஏற்றிய காய்க்கும் காசு வரவில்லை. கனகசபாபதி கேட்காமலே எட்டு லட்சத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வேண்டாமென்று அவர் சொல்லச்சொல்ல, அருளம்பலம் இரண்டு செக்கில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். ஊர் வழக்கம், அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் அதன்பிறகு கதைக்கவும் இல்லை.

பிறகு ஒருநாள் கனகசபாபதிக்கு நெஞ்சுவலி வந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்யவேண்டுமென்று சொல்லிவிட்டார்கள். அருளம்பலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒப்பரேஷன் செலவுக்குக் கூட்டாளி ஆரிடமும் கைநீட்டக்கூடாது என்று, சந்தைக்குத் தேங்காய் ஏற்றுகிற தன் சின்னப் பட்டா லொறியை வந்த விலைக்கு விற்றார். வாங்கியவன் காசாகவே கொடுத்தான். அதில் எட்டு லட்சத்தை எண்ணிக் கடித உறைக்குள் போட்டு, சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வார்டில் கனகசபாபதி வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையில் சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மீனாம்பிகை சாமான் எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். உறையைக் கையில் வைத்தபோது கனகசபாபதி அவசரமில்லை, கொண்டுபோ என்று சண்டை பிடித்தார். எண்ணிப் பார் என்று அருளம்பலம் சொல்ல, எண்ணினால் உன்னோடை கதைக்கமாட்டன் என்றார். மீனாவிடம் கொடுக்கட்டோ என்று கேட்டதற்கு வேண்டாமென்று கையைக் காட்டினார். இவ்வளவு காசைக் கண்டால் ஒப்பரேஷன் பெரிதென்று பயந்துபோவாள், கொழும்புக்குப் போகிற வழியில் தானே பக்குவமாய்ச் சொல்லிக் கொடுப்பாராம். பிறகு அருளம்பலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"செக் ரெண்டும் அலுமாரிக்கை கிடக்கு மச்சான். வந்து உனக்கு முன்னாலை கிழிக்கிறன்."

வரவில்லை. அடுத்த நாள் விடியமுதல் மனுஷன் போய்விட்டார்.

அந்தச் செத்த வீட்டை அருளம்பலம்தான் தூக்கி நிறுத்தினார். றஜிந்தன் கனடாவிலிருந்து வந்து சேருமட்டும் பந்தல், பறை, ஐயர், வந்த சனத்துக்குத் தேத்தண்ணி எல்லாம் அவர்தான். பிரேதம் எடுக்கிற நேரம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பாய், விரிப்பு, தலையணை, சாரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டப் போனார்கள். செத்தவர் படுத்ததை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, சுடலைக்குக் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். மீனாம்பிகை தலையணையைத் தரவில்லை. நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இதை மட்டும் விடுங்கோ என்று கெஞ்சினாள். பெண்கள் சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் அருளம்பலம் போய், அவள் விரலை ஒவ்வொன்றாகக் கழற்றி, தலையணையை இழுத்தெடுத்தார். அழுதுகொண்டுதான் எடுத்தார். சுடலையில் சிதை பிடித்த பிறகு, அந்தப் படுக்கை மூட்டையை ஓரமாய் வைத்து நெருப்பு மூட்டியவரும் அவர்தான்.

செக்கைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய், அலுமாரியைத் திற, என் செக்கைத் தா என்று கேட்கிறதோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்று இருந்தார். அந்தியேட்டி முடிந்தது. சரி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அவளாகக் கூப்பிட்டுத் தருவாள் என்று இருந்தார். ஆஸ்பத்திரிச் சாமானோடு காசு உறையும் அவள் கைக்குத்தானே வந்திருக்கும். இந்த மரியாதைதான் அவரைக் கவிழ்த்தது. வேறு ஊர்க்காரன் என்றால் எட்டுச் சடங்கு முடிந்த கையோடு செக்கைக் கேட்டு வாங்கியிருப்பான், பிழைத்திருப்பான்.

றஜிந்தன் கெட்ட பொடியன் இல்லை. தகப்பன் ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் போனில், அருளம்பலம் மாமா எட்டு லட்சம் தரவேணும், அவர் நெருக்கடியில் இருக்கிறார், நான் கேட்கமாட்டேன் என்று சொன்னது அவன் காதில் இருந்தது. அலுமாரியில் செக்கைக் கண்டான். தாய் தனிய இருக்கப்போகிறாள், அவளுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமென்று தாயின் பேரையும் திகதியையும் போட்டு வங்கியில் கொடுத்தான். படிக்கிற வயதிலேயே கனடாவுக்குப் போனவனுக்குச் செக் என்றால் செக். செக் திரும்பி வந்ததும் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கடிதம் அனுப்பிவிட்டுப் பிளேன் ஏறினான்.

கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அருளம்பலம் நேரே மீனாம்பிகை வீட்டுக்கு நடந்தார். ஏதோ தவறு நடந்துபோயிற்று, இரண்டு வார்த்தையில் தீர்ந்துவிடும் என்றுதான் போனார். காசு ஆஸ்பத்திரியில் கொடுத்தாயிற்று என்று சொன்னார். அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை அண்ணை, அவரிடம் ஒரு காசும் இருக்கவில்லை என்றாள். கடைக்காரன் மனைவி, அழுத கண்ணோடு, நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள். அந்தப் பார்வைதான் அருளம்பலத்துக்கு விசரைக் கிளப்பியது. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது அவள் ஒருத்தி. வேறு ஆர் எடுப்பது?

"அப்ப நீ எடுத்துப்போட்டு இல்லையெண்டுறியோ?"

கேட்டுவிட்டார். கேட்டபிறகு அந்த வீட்டில் நிற்க முடியவில்லை. அதுவரைக்கும் வழக்கு வேண்டாம், பார்த்துச் செய்வம் என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த மீனாம்பிகை, அன்று பின்னேரமே சட்டத்தரணியிடம் போய்க் கேட்ட இடமெல்லாம் கையெழுத்து வைத்தாள். புருஷன் செத்த சூடு ஆறமுதல் கள்ளி என்று பேர் வாங்கினவள் வேறென்ன செய்வாள்? அவளுக்கு அவர் கள்ளன், அவருக்கு அவள் கள்ளி. ஒரே சந்தையில், ஒரே கோயிலில், ஒரு வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரிந்தார்கள். தவணை தவணையாக வழக்குப் போனது. தவணைக்குத் தவணை இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போய் வந்தார்கள். அவள் முன்னுக்கு, அவர் பின்னுக்கு.

அன்றைக்குத்தான் மீனாம்பிகையின் சாட்சி. கூண்டில் ஏறினாள். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள், ஆள் பாதியாய் மெலிந்திருந்தாள். செக்கைக் காட்டினார்கள், ஓம் என்றாள். காசு கிடைத்ததோ என்று கேட்டார்கள், இல்லை என்றாள். அருளம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பொய்யைச் சொல்லிப்போட்டு அந்த மனுஷி எப்படி நித்திரை கொள்கிறாள் என்று நினைத்தார்.

அருளம்பலத்தின் சட்டத்தரணி எழும்பிக் குறுக்கு விசாரணை தொடங்கினார். வயது போனவர், கெட்டிக்காரர். கனகசபாபதி அன்று சுயநினைவோடு இருந்தார், அருளம்பலம் வந்து போனார் என்பதை அவள் வாயாலேயே எடுக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நீங்கள் வார்டுக்குத் திரும்பி வந்தபோது கணவர் என்ன சொன்னார், விடாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கோ என்றார்.

மீனாம்பிகை யோசித்து யோசித்துச் சொன்னாள். அருளம் வந்திட்டுப் போறான் என்று சொன்னாராம். முகம் சந்தோஷமாக இருந்ததாம். பிறகு ஊசியும் நூலும் வேண்டுமென்று கேட்டாராம்.

ஊசி எதற்கு என்று சட்டத்தரணி கேட்டார். கேட்க வேண்டுமே என்று கேட்ட மாதிரித்தான் இருந்தது.

"தலையணை கிழிஞ்சு போச்செண்டார் ஐயா. நான் முதல்நாள்தான் உறை மாத்தினனான், ஒரு கிழிவும் இருக்கேல்லை. தாங்கோ நான் தைக்கிறன் எண்டன், விடேல்லை. பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வா எண்டு என்னை அனுப்பிப்போட்டார்."

ஊசிநூல் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்க, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பெர்னடெட் பேத்திக்குச் சிவப்புச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள், அவளிடம் வாங்கினேன் என்றாள். சிவப்பு நூல்தான் இருந்ததாம். தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது அந்தத் தலையணையில் தலைவைத்து நல்ல நித்திரையாம். காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவள் அருளம்பலத்தைப் பார்த்தாள். இதற்கு மேல் நான் என்ன சத்தியம் செய்ய என்று கேட்கிற மாதிரி இருந்தது.

சட்டத்தரணி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். அருளம்பலத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு நூல் என்ற சொல்லோடு அவர் காது அடைத்துவிட்டது.

அவர் அந்த நூலைக் கண்டவர். கண்ணால் கண்டவர். மீனாம்பிகையின் கையிலிருந்து தலையணையை இழுத்தபோது உறை வழுகி விலக, வெள்ளைத் துணியின் ஓரத்தில் ஆம்பிளைத் தையலாகக் கோணல்மாணலாய் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அன்றைக்கு அது அவர் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அழுகிற மனுஷனுக்கு என்ன மனது வேலை செய்யும்? சுடலையில் தீ வைத்தபோதும் அந்தப் பக்கம்தான் மேலே கிடந்தது. பஞ்சு என்றபடியால் பக்கென்று பிடித்தது. கெதியாய் எரிகிறதே என்று பக்கத்தில் நின்றவனுக்குச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

அட சபா, அட விசரா, இந்த வயதிலுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலிலுமா அந்தப் பழக்கம்? அவருக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. பெற்ற பிள்ளையைவிட நம்பின தங்கச்சியைக் கள்ளி என்று சொல்லி, ஒரு வருஷம் சபித்து, கோயிலில் அவள் பேரைச் சொல்லி நேர்த்தி வைத்து, கடைசியில் காசை எரித்தது அவரே. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த நேரம் நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று அவர் மெய்யாகவே விரும்பினார்.

எழும்பிப் போய்ச் சட்டத்தரணியின் கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தார். காணும் ஐயா, இனி அந்தப் பிள்ளையை ஒன்றும் கேட்காதேங்கோ என்றார். சட்டத்தரணிக்கு எரிச்சல். சாட்சி இப்போதுதான் நம் பக்கம் சாய்கிறது, நீங்கள் சும்மா இருங்கோ என்று பல்லுக்குள்ளே சொன்னார். அருளம்பலம் கோட்டை விடவில்லை. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். எதிராளிக்கு உடல்நலமில்லைப் போல என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தவணை போட்டு எழும்பிவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடி வாங்கில் மீனாம்பிகை தனியே இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அருளம்பலம் வருவதைக் கண்டதும் போத்தலை மூடிவிட்டு எழும்பப் பார்த்தாள். இரு தங்கச்சி என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டதாலோ, அவர் முகம் இருந்த கோலத்தாலோ, அவள் இருந்தாள்.

அவர் நின்றபடியே சொன்னார். உறையில் காசு கொண்டுபோனது, கனகசபாபதி வாங்கி வைத்தது, அவளுக்குப் பிறகு சொல்வதாகச் சொன்னது. தொண்ணூற்றைந்தில் கொட்டிலுக்குப் பின்னால் கண்டது. உரக்கடை முதல் தன்னுடைய காசில்லை, அது தலையணைக்குள் இருந்து வந்தது என்பது. சிவப்புத் தையல். சுடலை. ஒன்றையும் மறைக்கவில்லை. 

மீனாம்பிகை போத்தலை வாங்கில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நான் பால்மாவுக்குக் காப்பு வித்த நேரம், காசு என்ரை தலைமாட்டிலையோ கிடந்தது?"

"ஓம் தங்கச்சி."

அவள் வாயில் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. கள்ளன் என்றாள். ஒரு வருஷமாக அருளம்பலத்துக்கென்று வைத்திருந்த சொல், இப்போது செத்தவருக்குச் செல்லமாய்ப் போயிற்று. சொன்ன கையோடு கண்ணால் பொலபொலவென்று ஊற்றியது. தலைப்பால் துடைக்கவும் இல்லை.

அருளம்பலம் அவளுக்கு முன்னால் நிலத்திலேயே குந்திவிட்டார். உன்னைக் கேட்கக்கூடாத சொல் கேட்டுவிட்டேன், என்னை மன்னித்துக்கொள் என்றார். எரித்தது நான், அந்தக் காசு என் தலையில்தான், தென்னங்காணியில் பாதியை விற்றாவது தருவேன் என்றார். போகிற வருகிற சனம் பார்த்தது. ஒரு பொலிஸ்காரர்கூட நின்று பார்த்தார். அவள் அவரை எழும்பச் சொன்னாள்.

"வேண்டாம் அண்ணை. நீங்கள் தந்திட்டீங்கள். றஜிந்தனுக்கு நான் சொல்லுறன், இனி வழக்கில்லை."

அவர் ஒரு வருஷமாகக் கேட்டு அழுத வார்த்தை அதுதான். நீங்கள் தந்துவிட்டீர்கள். சொல்லிவிட்டாள், அதுவும் அண்ணை என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அது வந்தபோது அவருக்குள் ஒரு சந்தோஷமும் எழவில்லை. அவள் திட்டியிருக்கலாம் என்றுதான் இருந்தது. எட்டு லட்சம் அவளுக்குச் சும்மா காசில்லை. உரக்கடையைப் பூட்டிவிட்டு, மகன் அனுப்புவதை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறவள் அவள்.

கொடிகாமம் பஸ் வந்து நின்றது. மீனாம்பிகை பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மிதிபலகையில் ஒரு காலை வைத்தவள், கொண்டக்டர் ஏறுங்கோ அம்மா என்று சொல்லியும் ஏறாமல் திரும்பி அவரிடம் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை ஒரு விளங்காத காரியத்தைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அண்டைக்கு அந்தத் தலையணையை விடுங்கோ எண்டு நான் கெஞ்சினனான் எல்லே அண்ணை? காசு இருந்தது எனக்குத் தெரியாது. அதிலை அவரின்ரை மணம் இருந்தது. அதுக்குத்தான் கேட்டனான். ஏன் அண்ணை பறிச்சனீங்கள்?"

செத்தவர் படுத்ததை வைத்திருக்கக்கூடாது, ஊர் வழக்கம் என்று சொல்ல அருளம்பலம் வாயைத் திறந்தார். அது வெளியே வரவில்லை.  அவள் போய் பஸ்ஸில் ஏறி, வழக்கமாய் இருக்கிற முன் சீற்றில் இருந்தாள். பின்னால் இடம் இருந்தது. கொண்டக்டர் அவரையும் கைகாட்டிக் கூப்பிட்டார். தான் வரவில்லை என்று அருளம்பலம் தலையை ஆட்டினார்.